இலை ஓரத்துச் சக்கை

அத்திம்பேர், என் அக்காவின் கணவர், காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து, சாப்பிட்ட அசதியில் உறவுக்காரர்கள் கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசினார்கள். ஒழுங்கு என்றார் ஒருவர். சுத்தம் என்றார் இன்னொருவர். "அண்ணா வளவளன்னு பேச மாட்டார். ஒரே வார்த்தை. அதுல எல்லாம் அடங்கிடும்" என்றார் அவருடைய தம்பி.

அந்த ஒரே வார்த்தை எது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்கு அவரைப் பிடிக்காது. அக்காவுக்குக் கல்யாணம் நடந்த தை மாதத்திலேயே பிடிக்காமல் போனது. அவர் போனபிறகும் அதில் மாற்றம் இல்லை. எங்கள் குடும்பத்தில் எது எந்த மாதம், எந்தத் திதியில் நடந்தது என்று கேட்க எனக்குத்தான் போன் வரும். அதனால் அவரைப் பற்றியும் நடந்ததை நடந்தபடி யாராவது சொல்ல வேண்டுமென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். அவர் சாப்பிட்டு முடித்தபோது இலையின் மேல் ஓரத்தில் ஒரு வரிசை இருந்தது. கறிவேப்பிலை, கடுகு, மிளகாய்த் தோல், கத்திரிக்காய்த் தோல், மென்று துப்பிய முருங்கைச் சக்கை, அவரைக்காயின் நரம்பு. கலந்து கொட்டியிருக்கவில்லை. இனம் இனமாகப் பிரித்து, இடைவெளி விட்டு, கடை பரப்பியதுபோல் வைத்திருந்தார்.

"இதெல்லாம் என்ன அத்திம்பேர்?" என்றேன்.

"ரிஜெக்டட்" என்றார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். பாளம் பாளமாக வரும் இரும்புச் சாமான்களை அளந்து, தட்டிப் பார்த்து, தேறாததன்மேல் சிவப்புப் பெயிண்டால் குறி போடுவது வேலை. அதில் கெட்டிக்காரர் என்று அவர் கூட வேலை பார்த்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னொருவர் நல்லது என்று அனுப்பியதைப் பிடித்து நிறுத்துவதில் அவருக்கு ஒரு ருசி. ஓய்வு பெற்று வந்தபோது பெயிண்ட் டப்பாவை அங்கே வைத்துவிட்டு வந்தார். வார்த்தையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டாவது மாடி அவர்கள் வீடு. சமையலறைச் சுவரில் பெருமாள் படத்துக்குக் கீழே ஆணி ஆணியாக வடிகட்டிகள் தொங்கும். பித்தளைச் சல்லடை, இரும்புச் சல்லடை, எவர்சில்வர் வடிகட்டி, கடைசி ஆணியில் ஒரு மல்துணி. சாத்தமுது, அதாவது ரசம், இரண்டு தடவை வடிகட்டியாக வேண்டும். தக்காளித் தோல் ஒரு துணுக்கு தட்டுப்பட்டால் கிண்ணம் திரும்பிப் போகும். கோதுமை மாவைச் சலித்துத் தவிட்டைத் தெருவில் வரும் மாட்டுக்குப் போட வேண்டும். கத்திரிக்காயைத் தோல் சீவாமல் நறுக்கக் கூடாது. கொய்யாப்பழத்துக்குத் தோலும் போய், கொட்டையும் போய், நடுவில் ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். அரிசி மல்லிகைப்பூ மாதிரி இருக்க வேண்டும்.

"சக்கை மாட்டுக்கு, சாரம் மனுஷனுக்கு" என்பார். அதை அவரே கண்டுபிடித்தார் என்பதில் அவருக்குப் பெருமை.

இத்தனையையும் செய்தவள் அக்கா. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் வகுப்பு நடக்கும்போது பக்கத்து வகுப்பும் சேர்ந்து அமைதியாக இருக்கும் என்பார்கள். வீட்டுக்கு வந்தால் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வடிகட்டுவாள். ஒருநாள் கேட்டேன், ஏன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று.

"பேசினா அன்னிக்கு சாப்பிட மாட்டார்டா. இலையை மடிச்சுட்டு எழுந்துடுவார். அவர் சாப்பிடாம நான் எப்படி சாப்பிடறது?"

கை நீட்டி அடிக்கிறவர் இல்லை. குரலைக்கூட உயர்த்த மாட்டார். பட்டினி கிடப்பார், அவ்வளவுதான். அந்தப் பட்டினியில் பாதி அவருடையது, பாதி அவளுடையது.

அக்கா ஓய்வுபெற்ற வருஷம் சர்க்கரை வந்தது. கொரோனா அடங்கிய பிறகு கண் மங்க ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஒரு ஐப்பசியில் நான்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாகத் திரும்பும், ஆனால் இந்தச் சர்க்கரையில் கத்தி வைக்க மாட்டேன், புண் ஆறாது, சீழ் பிடித்தால் கண்ணே போய்விடும் என்றார். மூன்று மாதச் சராசரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது இறங்கட்டும், மறுநாளே செய்கிறேன் என்றார்.

சர்க்கரை இறங்கினால் கண். அப்போதிலிருந்து அக்காவுக்கு வேறு பேச்சில்லை. பேப்பர் படிக்க முடியவில்லை. எதிரே வருவது யார் என்று குரலை வைத்துத்தான் சொன்னாள். பருப்பில் கல் பொறுக்க முடியவில்லை.

தில்லை நகரில் ஒரு சர்க்கரை டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை அத்திம்பேரும் வந்தார். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். சின்னப் பெண். பொறுமையாகப் பேசினாள்.

"அம்மா, நீங்க சாப்பிடுற சாதம் சீக்கிரமா சர்க்கரையா மாறி ரத்தத்துல கலந்துடுது. அதை மெதுவாக்கணும். அதுக்குத்தான் நார்ச்சத்து. கீரை, காய், தோலோட பயறு, தோலோட பழம். வயித்துல போய் கொழகொழன்னு ஆகி, சர்க்கரையைப் பிடிச்சு வச்சு கொஞ்சம் கொஞ்சமா விடும். முதல்ல காயும் கீரையும் சாப்பிடுங்க, அப்புறம் பருப்பு, கடைசியில சாதம். சாதம் ஒரு கப் போதும். காய் அதைவிட ரெண்டு மடங்கு."

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு சந்தேகம். இந்த நார் ஜீரணம் ஆகுமா?"

"பெரும்பாலும் ஆகாதுங்க சார்."

"ஜீரணமே ஆகாததை மனுஷா எதுக்குச் சாப்பிடணும்?"

"ஆகாம இருக்கிறதுதான் சார் அதோட வேலையே" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பெண் மேலும் சொன்னாள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, நார் மருந்துக்குப் பதில் இல்லை, கூடச் சேர்ந்து வேலை செய்வது. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், வாரா வாரம் கொஞ்சம் கூட்ட வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஜூஸ் வேண்டவே வேண்டாம், பழமாகக் கடித்துச் சாப்பிட வேண்டும். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது காவேரிப் பாலத்தில் அத்திம்பேர் வாய் திறந்தார். "சாதம் சாப்பிடலாம்னு சொல்லிட்டா பாரு."

அவ்வளவு பேச்சிலிருந்தும் அவர் வடிகட்டி எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த எல்லோரிடமும், "தில்லை நகரே சாதம் சாப்பிடலாம்னுட்டா" என்று சொன்னார். அவர் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், ஊரைச் சொல்லுவார். அந்தப் பெண் தில்லை நகர். நான் மன்னார்புரம். "வாரும் ஓய் மன்னார்புரம், பையில என்ன?" என்பதுதான் எனக்கு வரவேற்பு.

ஒருதரம் பையில் சாமை இருந்தது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் பச்சைமலையில் சொந்தக்காரர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கென்று உரலில் குத்தியது, தவிட்டு நிறம் மாறாமல் இருந்தது. சாதத்துக்குப் பதில் வடித்துக் காயோடு சாப்பிடட்டும் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த வாரம் போனபோது அத்திம்பேர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பவுடர் மாதிரி வெள்ளை மாவு.

"பாத்தீரா? தீட்டி, மிஷின்ல கொடுத்து அரைச்சு, மல்துணியில சலிச்சு வஸ்திரகாயம் பண்ணினேன். ஒரு உமி கிடையாது. கஞ்சி வச்சா தொண்டையில நிக்காது, வழுக்கிண்டு போறது."

"வழுக்கிண்டு போறதுதானே அத்திம்பேர் தொந்தரவே? சீக்கிரம் போச்சுன்னா சீக்கிரம் சர்க்கரை ஏறும்."

"சிறுதானியம் நல்லதுன்னு நீர்தானே சொன்னீர்? சிறுதானியம்தானே இது?"

அந்தக் கஞ்சியை அக்கா ஒரு மாதம் குடித்தாள். பிறகு பாகற்காய் ஜூஸ், வடிகட்டியது. பிறகு கொய்யா ஜூஸ், அதுவும் வடிகட்டியது. சர்க்கரைக்கு நல்லது என்று எதைச் சொன்னாலும் உடனே வாங்கிவருவார். அதில் எது நல்லதோ அதைப் பிழிந்து குப்பைக்கூடையில் போட்டுவிட்டு மிச்சத்தை டம்ளரில் நீட்டுவார். செலவுக்கு அஞ்சியதே இல்லை. மாத்திரையை நேரம் தவறாமல் கையில் கொடுப்பார். அந்த மட்டில் அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது.

காலையில் அக்காவின் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதும் அவர்தான். மெஷினில் விழும் எண் அவளுக்குத் தெரியாது. "ஏன்னா, எவ்வளவு?" என்று கேட்பாள். அவர் எண்ணைச் சொல்ல மாட்டார்.

"ரிஜெக்டட்" என்பார்.

தினமும் காலையில், காபிக்கு முன்னால், கட்டின மனைவியிடம். நான் என் காதால் கேட்டிருக்கிறேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள் அவள். விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டு, அரையாண்டுப் பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை மாதிரி உள்ளே போவாள்.

கீரை விஷயம்தான் எனக்குத் தாங்கவில்லை. வாரத்தில் நாலு நாளாவது கீரை வேண்டும் என்று தில்லை நகரில் சொல்லியிருந்தார்கள். அத்திம்பேர் முதலில் அது மாட்டுத் தீவனம் என்றார். அக்கா விடாமல் கேட்டபோது வேறு காரணம் சொன்னார்.

"கீரையில புழு இருக்கும். உனக்குக் கண் தெரியாது. யார் ஆயறது?"

"நீங்க ஆஞ்சு தாங்கோளேன்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை."

அம்மாமண்டபம் பக்கத்தில் கீரை வாங்கி, என் வீட்டில் உட்கார்ந்து ஆய்ந்து, கழுவி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே பையை வாங்கி வெளியில் வைத்தார். "வெளியில ஆஞ்சது ஆத்துக்குள்ள வராது. மடி விழுப்பு, ஆசாரம் பாக்கணுமோன்னோ?"

யோசித்துப் பாருங்கள். கண் தெரியாததால் கீரை கிடையாது. கீரையும் காயும் இல்லாததால் சர்க்கரை இறங்காது. சர்க்கரை இறங்காததால் கண் ஆபரேஷன் கிடையாது. மூன்று பக்கமும் கதவைச் சாத்திவிட்டு அவர் நடுவில் உட்கார்ந்து வெள்ளைச் சாதத்தில் வடிகட்டின சாத்தமுதை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். தன் மனைவிக்குத் தான் எதிரி என்று அவர் ஒருநாளும் நினைத்திருக்க மாட்டார். எதிரிகளில் இந்த ரகம்தான் மோசம்.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசிக்குப் போயிருந்தேன். ஊர் கொள்ளாத கூட்டம், பஸ் கிடைக்காது என்று அக்கா என்னை இரவு தங்கச் சொல்லிவிட்டாள். ஏகாதசியன்று அந்த வீட்டில் அரிசி கிடையாது, பலகாரம்தான். மத்தியானம் ஜவ்வரிசிக் கஞ்சி, ராத்திரி வெள்ளை ரவை உப்புமா, அதில் காய் என்று ஒரு துணுக்கு இல்லை. "அரிசியே தொடலை, இன்னிக்கு உனக்குச் சர்க்கரை ஏறாது" என்றார் அத்திம்பேர். ஜவ்வரிசியில் நார் என்ற பேச்சுக்கே இடமில்லை, வெறும் மாவு. கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து அக்கா விரலை நீட்டினாள். அவர் பார்த்தார். "ரிஜெக்டட்." அவர் மெஷினை மூடுவதற்குள் நானும் பார்த்துவிட்டேன். சாதம் சாப்பிட்ட நாட்களைவிட அதிகம்.

மறுநாள் துவாதசி. விடிகாலையில் பாரணை பண்ணி விரதத்தை முடிக்க வேண்டும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய், இந்த மூன்றும் இல்லாமல் எங்கள் வீடுகளில் பாரணை கிடையாது. எழுந்து கூடத்துக்கு வந்தேன். விளக்கு வெளிச்சத்தில் அத்திம்பேர் குளித்து, திருமண் இட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கட்டு அகத்திக்கீரை.

ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கொத்தாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பி, இலையின் அடியில் ஊதிப் பார்த்து, உருவித் தாம்பாளத்தில் போட்டார். பூச்சி அரித்தது ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம். அப்படி ஒரு கைவேலையை நான் எந்தச் சமையலறையிலும் பார்த்ததில்லை. புழு அந்தக் கண்ணிலிருந்து தப்பியிருக்க முடியாது. சுவரோரம் நின்றுகொண்டிருந்த அக்கா, உருவும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாரணையில் அக்கா நிறையக் கீரை போட்டுக்கொண்டாள். முதல் நாள் கஞ்சிக்குப் பிறகு நல்ல பசி. நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி, சுண்டைக்காய், கடைசியில் கொஞ்சம் சாதம். அந்த ஒரு நாள் அத்திம்பேரும் ஒன்றையும் ஓரம் தள்ளவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் அக்காவின் விரலைக் குத்தி, எண்ணைப் படித்துச் சொன்னேன். முதல் நாளைவிட நிறையக் குறைவு.

"நிஜமாவா? இன்னொரு தடவை படி."

படித்தேன். ஒரு நாள் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது, கஞ்சிக்கும் பாரணைக்கும் நடுவில் மாறியது கீரை ஒன்றுதானா என்று யாருக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கோயிலிலிருந்து அவர் வரும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்னா, ஆயப் பழக்கமில்லைன்னேளே?"

"எதை?"

"கீரையை."

செருப்பை ஓரமாக வைத்தார். "அது பாரணைக்கு. பெருமாள் காரியம்."

"என் கண்ணு?"

அவர் அங்கவஸ்திரத்தை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் அன்று மத்தியானமே கிளம்பிவிட்டேன். அந்த வாரக் கடைசியில் மறுபடி போனபோது சாப்பாட்டு வேளை. அக்கா பரிமாறினாள். சாத்தமுதில் தக்காளித் தோல் மிதந்தது, அடியில் பருப்பு நின்றது. கத்திரிக்காய் தோலோடு இருந்தது. சப்பாத்தி தவிட்டு நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு குவியல் முளைக்கீரை.

"என்னது இது?" என்றார் அத்திம்பேர்.

"இன்னிக்குத் தளிகை."

"வடிகட்டலை."

"வடிகட்டி எங்கே தொங்கறதுன்னே தெரியலை. கண் தெரியலையோன்னோ?"

"தோல்?"

"சீவினா கையைச் சீவிக்கறேன். கண் தெரியாதவ கத்தியைப் பிடிக்கலாமா?"

"கீரையை யார் ஆஞ்சா?"

"யாரும் ஆயலை. அப்படியே அலம்பி நறுக்கிப் போட்டேன். புழு இருந்தா உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது."

அவர் இலையைப் பார்த்தார். நடுவிரலால் கீரையை மெல்ல விலக்கினார். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்தார். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒரு நடவடிக்கை கிடையாது. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு என் பக்கத்தில் இலையைப் போட்டு உட்கார்ந்து, முதலில் கீரை, பிறகு கத்திரிக்காய், பிறகு பருப்பு, கடைசியில் கைப்பிடி சாதம் என்று தில்லை நகர் சொன்ன வரிசையில் நிதானமாகச் சாப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பிடுவதற்கு முன் அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இலையை வழித்துச் சாப்பிட்டாள்.

ராத்திரியும் அவர் சாப்பிடவில்லை என்று போனில் சொன்னாள். மறுநாள் மத்தியானம் உட்கார்ந்துவிட்டாராம். காபிகூடப் போடத் தெரியாதவர், என்ன செய்வார்? இலையில் வந்ததையெல்லாம் சோதித்து, தோலை உரித்து, நரம்பை இழுத்து, ஓரம் முழுக்க அடுக்கினாராம். "இலையில பாதி ரிஜெக்டட்தான். அடுக்கிண்டே உக்காந்திருந்தார், சாதம் ஆறிப்போச்சு" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

தோலை ஓரம் தள்ளலாம், சாத்தமுதைத் தானே வடிகட்டிக்கொள்ளலாம். கீரையில்தான் அவர் தோற்றார். வெந்த கீரையில் புழுவைத் தேட முடியாது. இரண்டாவது வாரம் நான் போனபோது, கூடத்தில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கீரைக்கட்டைப் பேப்பரால் மூடினார்.

"வாரும் ஓய். துவாதசி வரது."

துவாதசிக்கு இன்னும் நாள் இருந்தது. என்னிடம் திதி கணக்குச் சொல்லி யாரும் தப்ப முடியாது. அன்று மட்டும் அவரைத் தப்ப விட்டு உள்ளே போனேன்.

நடுவில் ஒரு பின்னடைவு. அக்கா ஆசையில் கீரையையும் காயையும் ஒரேயடியாகக் கூட்டிவிட்டாள். வயிறு உப்பி, காற்றுப் பிடித்து இரண்டு நாள் படுத்துவிட்டாள். அத்திம்பேருக்குத் திருவிழா. "பாத்தியா? மாடா நீ? நாலு வயிறா இருக்கு உனக்கு?" என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னார். வடிகட்டின கஞ்சி ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைத்தார். நான் தில்லை நகர்ப் பெண்ணுக்குப் போன் செய்தேன். மெதுவாகக் கூட்டச் சொன்னேனே, தண்ணீர் குடிக்கிறாங்களா என்று கேட்டாள். குடிக்கவில்லை. அக்கா அந்த வாரம் பாதியாகக் குறைத்து, சொம்பு நிறையத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். கஞ்சி டம்ளர் ஆடை படர்ந்து அங்கேயே இருந்தது.

காலையில் விரலைக் குத்துவது மட்டும் நிற்கவில்லை. தை முழுக்க "ரிஜெக்டட்" என்றே சொன்னார். மாசியில் ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் மெஷினை மூடினாராம். அப்புறம் பல நாள் மூடினார். அவர் வாயில் "தேறியது" என்பதற்கு வார்த்தையே கிடையாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பங்குனியில் மூன்று மாதச் சராசரி எடுத்தோம். மாத்திரையைக் கூட்டவில்லை. மூன்று மாதமும் அதே மாத்திரைதான், மாறியது சாப்பாடு. எல்லோருக்கும் இப்படி இறங்கும் என்று சொல்ல முடியாது, உங்களுக்கு இறங்கியிருக்கிறது என்றார் சர்க்கரை டாக்டர். கண் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தேதி கொடுத்தார். அத்திம்பேர் அந்தச் சீட்டை வாங்கி ஏற இறங்கப் பார்த்து, லேபில் தப்புப் பண்ணியிருப்பார்கள் என்றார்.

சித்திரைத் தேர் முடிந்த வாரம் வலது கண் ஆபரேஷன். மறுநாள் கட்டை அவிழ்த்து, சொட்டு மருந்து விட்டு, கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்டோவில் வரும்போது அக்கா பாலத்தின் கைப்பிடியில் காய்ந்த துணியைக்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்தாள். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் அத்திம்பேர் தயாராக இருந்தார். கூடத்து நாற்காலிக்கு எதிரே முக்காலியில் எல்லாவற்றையும் எடுத்து வைத்திருந்தார். எவர்சில்வர் வடிகட்டி, தோல் சீவுகிற கத்தி, மல்துணி. பக்கத்தில் தாம்பாளத்தில் காலையில் அவர் ஆய்ந்து வைத்த அரைக்கீரை.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் அவரைப் பார்த்தாள். "இவ்வளவு தலை நரைச்சுடுத்தா உங்களுக்கு?" என்றாள்.

"கண் வந்தாச்சோன்னோ" என்றார் அவர். "இன்னிக்கு ஒரு நாள் நான் ஆஞ்சாச்சு. நாளையிலேர்ந்து நீயே பாத்துக்கலாம். வடிகட்டி அங்கே தொங்கறது தெரியறதா? இதையும் எடுத்து மாட்டு."

எப்படியிருக்கிறது கண், வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் வாசற்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த முக்காலியைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்திருப்பேன்.

அக்கா குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் தாம்பாளத்தைத் தன் பக்கம் உயர்த்தித் தரச் சொன்னாள். அவர் எடுத்து நீட்டினார். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கீரையை வகுப்பில் பேப்பர் திருத்துவதுபோல் ஒன்றொன்றாகப் புரட்டினாள். ஒரு இலையை எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்ததை அவர் முகத்துக்கு நேரே காட்டினாள். பச்சைப் புழு, இலை நிறத்திலேயே, மெல்ல நெளிந்தது.

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். காது மடல் சிவந்தது.

"ரிஜெக்டட்" என்றாள் அக்கா. இலையைத் தாம்பாளத்தில் போட்டு, தாம்பாளத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, பேப்பரை விரித்து, முதலிலிருந்து ஆய ஆரம்பித்தார்.